நகரவையில் நாற்பதாண்டு: சர் பிட்டி தியாகராயர் சரிதம்

தியாகராய நகர் என்னும் பெயரை நாடோறும் வழங்குகின்றோம். அதனையும் குறுக்கி டி. நகர் என்கின்றோம். அப்பெயர்க்கு உரியார் நம் தேவாங்கர் குலத்துதித்த சர் பிட்டி தியாகராய செட்டியார் என்பதனைச் சங்கத்துப் பெரியோர் அறிவர். இளைஞருட் பலர் அறியார். அறிந்தாரும் அவரை நீதிக் கட்சியின் தலைவர் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். கட்சி தோன்றியது 1916ஆம் ஆண்டில். அப்போது செட்டியாருக்கு வயது 64. அதற்கு முன்னர் முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் செய்துவந்த தொண்டு யாது? யான் ஈண்டு எழுதப் புகுந்தது அதனைப் பற்றியே.

அவர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1876இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டம் பெற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஓடுவதே வழக்கம். இவரோ குலத்தொழிலாகிய நெசவையும் அதனைச் சார்ந்த வாணிகத்தையும் கைவிட்டாரல்லர். கயிற்றை இழுத்த அளவில் நாடா தானே ஓடும் புதுவகைத் தறிகள் நூறளவு அமைத்து நெசவுச்சாலை நடத்தினார். தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவியவருள் ஒருவராய் நெடுங்காலம் அதன் தலைமையும் தாங்கினார். எப்போதும் வெண்ணிற ஆடையே உடுத்தமையால் வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அவரை அழைத்தனர். நெய்பவர் குலத்தில் வந்தார்க்கு உடையாற் பெயர் வந்தது பொருத்தமே!

1882ஆம் ஆண்டு அவர் சென்னை நகரவையின் உறுப்பினரானார். அந்நாளில் நகரின் நிலையை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். செங்குன்றத்து ஏரிநீர் 1872 முதல் நகருக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் திறந்த மண்வாய்க்காலில், வெயிலும் புழுதியும் பட, கீழ்ப்பாக்கம் வரை ஓடிவந்து, வடிகட்டப்படாமலே குழாய்களிற் புகுந்தது. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களிற் செல்லும் ஏற்பாடு நகர் முழுமைக்கும் அப்போது இல்லை. ஆண்டுதோறும் பேதி நோய்க்கு அஞ்சி வாழ்ந்தனர் மக்கள். நம்மவர் நெருங்கி வாழ்ந்த வடசென்னைத் தெருக்களுக்கு இத்துன்பம் புதிதன்று. மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்து மணற்படுகை வடிகட்டிகளும் 1914ஆம் ஆண்டிலேதான் வந்தன. அவற்றை அமைத்த பொறியாளர் மாட்லி துரை. அவர் பெயரால் அதே தியாகராய நகரில் ஒரு சாலையும் உண்டு. 1882க்கும் 1914க்கும் இடையே ஆண்டுகள் 32. இதனைச் செட்டியார் ஒருவரே செய்து முடித்தார் என்று எழுதுவது பொய்யாகும். அவ்வளவு காலமும் வேலையின் தாமதம் கண்டு வெறுத்து எழுந்து போகாமல் அவையில் அமர்ந்திருந்தவருள் அவர் ஒருவர் என்பதே மெய். எர்ரபாலு செட்டித் தெருவில் நகரவை நடந்த காலத்தும் சென்றார். 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட பின்னர் ஆண்டும் சென்றார். நாற்பதாண்டில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் அவர் வாராதிருந்தார் என்று வழிவழியாகச் சொல்லக் கேட்கின்றோம். நம் சங்கக் கூட்டங்களுக்கு வருவோர் தொகையை எண்ணும்போது, எழுதும் எனக்கே நாணமாயிருக்கின்றது.

அவ்வவையின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. வரி செலுத்துவோருள்ளும் சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. குழாய்க்கு வரி ஏன் ஏறிற்று, சாக்கடை ஏன் தோண்டிய நிலையில் நின்றது என்பவற்றைத் தெருவில் வாழும் நெசவாளனும் கூலியாளும் அறிதற்கு வழி யாது? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைவீதியில் தமிழ் பேசி, அரசாங்கத்தின் ஓலையை ஆங்கிலத்திற் பெற்று, பிறரிடம் காட்டிப் படிப்பித்துக்கொண்ட குடும்பங்கள் நம்முள் எத்தனை! ஓர் உறுப்பினர் குடிகளின் குறையை அவைக்கு எடுத்துச்செல்வது பாதி வேலையே; அவையில் நடந்ததைக் குடிகளுக்கு அவர்தம் மொழியில் அறிவிப்பது மற்றைப் பாதி. செட்டியாரும் அவர் நண்பரும் கூட்டுப் பங்குமுறையில் ஒரு சங்கம் அமைத்து மூன்று பத்திரிகைகள் நடத்தினர். 1917 பிப்ரவரி 26ஆம் நாள் வெளிவந்த ஜஸ்டிஸ் ஆங்கிலத்திலும், திராவிடன் தமிழிலும், ஆந்திரப் பிரகாசிகா தெலுங்கிலும் நடந்தன. அவை கட்சிப் பத்திரிகைகள்தாம்; மறுப்பாரில்லை. ஆயினும் ஆட்சியைப் பற்றிய வாதம் சென்னையில் வழங்கும் மொழிகளிலும் நிகழவேண்டும் என்று பொருட்செலவு செய்தமை சிறிய காரியமன்று.

இப்பத்திரிகைகட்கு முன் நிகழ்ந்ததொன்றையும் கூறவேண்டும். டாக்டர் டி. எம். நாயர் திருவல்லிக்கேணிப் பகுதியின் உறுப்பினராய் அதே நகரவையில் இருந்தார். இருவரும் அங்கே எதிரெதிர் நின்று வாதிட்டவர். நட்பென்று சொல்லத்தக்கது அவர்களிடை இல்லை. டாக்டர் நடேச முதலியார் இருவரையும் ஒன்றுசேர்த்தார். 1916 நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியிற் கூடிய கூட்டத்தில் இருவரும் ஒருங்கமர்ந்தனர். பொதுக்காரியத்தின்பொருட்டுப் பழம்பகையை விடுதல் எளிதென்று நினைப்பவர், தம் தெருவில் இரண்டு பங்காளிகளைச் சேர்த்துவைக்க ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னெல்லாம் நகரவைக்குத் தலைவராக அரசாங்க அதிகாரியே அமர்ந்தார். அச்சட்டத்தின் பின்னர் உறுப்பினரே தலைவரைத் தேர்ந்தெடுக்கலாயினர். அதிகாரியல்லாத முதல் தலைவர் செட்டியாரே. 1920 இறுதியில் சட்டசபைத் தேர்தலில் அவர் கட்சி வென்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். செட்டியார் அதனை ஏற்றாரல்லர். கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைச் சுட்டினார். ரெட்டியார் டிசம்பர் 17ஆம் நாள் முதன்மந்திரியானார். செட்டியாரோ நகரவைத் தலைமையிலேயே நின்றார்.

அத்தலைமையில் இருந்து அவர் செய்தவற்றுள் ஒன்றினைச் சற்று விரித்துரைப்பேன். ஆயிரம்விளக்கில் நகரவைப் பள்ளியொன்று இருந்தது. அங்குப் பயின்றோர் ஏழைச் சிறுவர். பசியால் பள்ளிக்கு வாராது நின்றனர். அவர்கட்கு நண்பகலிற் சிற்றுண்டி அளிக்கலாம் என்றும், ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்றும் 1920 செப்டம்பர் 16ஆம் நாள் நகரவை தீர்மானித்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. பள்ளி ஆசிரியனாகிய யான் இவ்வெண்களைக் கண்டபோது வியப்புற்றேனல்லேன். காலையில் உண்ணாது வந்த சிறுவன் கண்ணில் எழுத்து நிற்காது என்பது எந்த ஆசிரியனுக்கும் தெரியும். அதற்காக அவையிலே ஓரணாக் கேட்டு நிற்கத்தான் ஆள் வேண்டும்.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசாங்கம் தடுத்தமையால், 1925 ஏப்ரல் முதல் நாள் அச்சிற்றுண்டி நின்றது. அம்மாதம் 27ஆம் நாள் செட்டியாருக்கு எழுபத்துமூன்று வயது நிறைந்தது. மறுநாள் அவர் காலமானார். இரண்டாண்டு கழித்து அவ்வுணவு 25 பள்ளிகளில் மீண்டும் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரவிய மதிய உணவுக்கு இதுவே முன்னோடி என்பர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரால் கல்லூரி இருக்கின்றது. ரிப்பன் மாளிகையின் முன்றிலில் அவர் சிலை நிற்கின்றது; சென்னை செல்லும் சங்கத்தார் தம் மக்களை அழைத்துப்போய்க் காட்டலாம்.