சிலிண்டர் கழுவிய விமானி

1924-ம் ஆண்டு அக்டோபர் மாதம்.

பிரான்சு நாட்டின் தெற்கே துலூஸ் நகரம். ஊருக்கு வெளியே மோந்தோத்ரான் என்ற இடத்தில் ஒரு விமான நிலையம். அங்கே ஓர் அறையில், மேஜைக்கு முன்னால் ஒரு வாலிபர் நின்றுகொண்டிருந்தார். வயது 22. நல்ல உயரம், அகன்ற தோள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் டிடியே டோரா. தபால் விமானக் கம்பெனி ஒன்றின் நிர்வாகி. உலகப்போரில் சண்டையிட்டுக் காயம் பட்டவர். அதிகம் பேசமாட்டார். யாரையும் எளிதில் புகழவும் மாட்டார்.

இதுவரை எத்தனை மணி நேரம் விமானம் ஓட்டியிருக்கிறீர் என்று டோரா கேட்டார். 600 மணி நேரம் என்று வாலிபர் பெருமையோடு சொன்னார். அது ஒன்றுமே இல்லை என்று டோரா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பட்டறைக்குப் போகும்படி உத்தரவு போட்டார்.

விமானம் ஓட்டுவதற்கு அல்ல. என்ஜின் கழுவுவதற்கு!

அந்த வாலிபர்தான் ழான் மெர்மோஸ். பிற்காலத்தில் பிரான்சு நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய விமான வீரர்.

பட்டினி

மெர்மோஸ் 1901-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, வட பிரான்சில் உள்ள ஓபாந்தோன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தாயும் தகப்பனாரும் பிரிந்துவிட்டார்கள். நர்ஸ் வேலை பார்த்த தாய்தான் அவருக்கு எல்லாம்.

1920-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1921-ல் விமானி ஆனார். சிரியா நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தடவை விமானம் பாலைவனத்தில் விழுந்துவிட்டது. அவரும் மெக்கானிக்கும் நாட்கணக்கில் நடந்து உயிர் தப்பினார்கள்.

1924-ல் பட்டாளத்தை விட்டு வெளியே வந்தார். பாரிஸ் நகரில் வேலை தேடினார். போர் முடிந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் ஓட்டுவதற்கு விமானம்தான் இல்லை.

கையில் இருந்த காசு கரைந்தது. இரவுக் காவல் பார்த்தார். கார் கழுவினார். உறைகளில் விலாசம் எழுதிக் கொடுத்தார். அதுவும் கிடைக்காத நாளில் பட்டினி. ஆனாலும் தன் கஷ்டத்தைத் தாய்க்குத் தெரிவிக்கவில்லை. தெரிந்தால் அவள் மனம் தாங்காது என்று மறைத்துவிட்டார்.

விமானக் கம்பெனிகளுக்கு மனு மேல் மனு போட்டார். கடைசியில் துலூஸ் நகரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. விமானி ஆகிவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடுதான் மெர்மோஸ் ரெயில் ஏறினார்.

கார நீர்த் தொட்டி

அந்தக் கம்பெனியை நடத்தியவர் லட்டேகோயர் என்ற முதலாளி. துலூசில் இருந்து ஸ்பெயின் வழியாக ஆப்பிரிக்காவில் உள்ள காசாபிளாங்காவுக்கு விமானத்தில் தபால் கொண்டுபோவது கம்பெனியின் தொழில். விமானங்கள், போரில் குண்டு போட்ட பிரெகே 14 என்ற பழைய விமானங்கள். விமானி உட்காரும் இடத்துக்கு மேற்கூரை கிடையாது. மழையும் பனியும் முகத்தில் அறையும். என்ஜின் எந்த நேரத்தில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஓடித் தேய்ந்த என்ஜின்கள் பட்டறைக்கு வரும். ஓர் என்ஜினுக்கு 12 சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் கருகிய எண்ணெய் அப்பிக் கிடக்கும். அவற்றைக் கழற்றி, கார நீர்த் தொட்டியில் போட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். காரம் பட்டால் கைத்தோல் வெந்துபோகும். மெர்மோசுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான். பிறகு என்ஜினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் டோரா இதே வேலையைத்தான் கொடுத்தார். பின்னாளில் 'குட்டி இளவரசன்' எழுதி உலகப்புகழ் பெற்ற செந்த்-எக்சுபெரியும் 1926-ல் இதே பட்டறையில் கையில் எண்ணெய்க் கறையோடு நின்றவர்தான்.

இதைத் தண்டனை என்று நினைத்துக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. டோராவின் கணக்கு வேறு. வழியில் என்ஜின் நின்றால், மலையிலும் பாலைவனத்திலும் பட்டறை இருக்காது. ஓட்டுகிறவருக்கு என்ஜினின் எலும்பும் நரம்பும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, போரில் பேர் வாங்கியவர்களின் தலைக்கனமும் அந்தத் தொட்டியிலேயே கரைய வேண்டும்.

மெர்மோசின் தலைக்கனம் முழுவதும் கரையவில்லை.

சர்க்கஸ் வேண்டாம்

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் புதிய ஆட்களை விமானம் ஓட்டிக் காட்டச் சொன்னார் டோரா. மெர்மோசின் முறை வந்தது. கிடைத்த சந்தர்ப்பத்தை விடலாமா? வானத்தில் குட்டிக்கரணம் போட்டார். சாய்ந்தார், சுழன்றார், செங்குத்தாகப் பாய்ந்தார். கீழே இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இறங்கி வந்தால், டோராவின் முகம் கல்லாக இருந்தது. இங்கே வித்தைக்காரர் தேவை இல்லை, அந்த ஆசை இருந்தால் சர்க்கசில் போய்ச் சேரலாம் என்று சொல்லிவிட்டார்.

மெர்மோசுக்கு ஆத்திரம் பொங்கியது. போய்விடுவது என்று மூட்டை கட்டத் தொடங்கினார். அப்படிப் போயிருந்தால் மீண்டும் பாரிஸ், மீண்டும் பட்டினிதான். ஆனால் டோராவுக்கு ஆளின் தரம் தெரிந்துவிட்டது. மறுபடியும் ஏறச் சொன்னார். நேராகக் கிளம்பி, வட்டமிட்டு, ஒழுங்காக இறங்கினால் போதும் என்றார். மெர்மோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தார். வேலை கிடைத்தது.

பாலைவனம்

முதலில் ஸ்பெயின் பாதை. பிறகு சகாரா பாலைவனம். 1925 ஜூனில் தபால் பாதை டாக்கார் வரை நீண்டது. பாலைவனத்தில் இரண்டு விமானங்கள் சேர்ந்தே பறக்கும். ஒன்று கெட்டால் மற்றது இறங்கி ஆளை ஏற்றிக்கொள்ளும். தவறிப்போனால் அங்குள்ள கூட்டத்தாரிடம் சிக்கிக்கொள்ள வேண்டியதுதான். 1926-ல் மெர்மோஸ் அப்படிச் சிக்கினார். பணம் கொடுத்து அவரை மீட்டார்கள்.

1927-ல் கம்பெனி கை மாறியது. அந்த ஆண்டின் கடைசியில் மெர்மோசைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பகலில் விமானம் சம்பாதித்த நேரத்தை இரவில் கப்பலும் ரெயிலும் பிடித்துவிடுகின்றன என்ற குறை இருந்தது. அதற்காக 1928-ல் ரியோ டி ஜெனீரோவுக்கும் பியூனஸ் அயர்சுக்கும் இடையே இருட்டில் தபால் விமானம் ஓட்டிக் காட்டினார்.

மலை விளிம்பில்

அடுத்தது ஆண்டீஸ் மலை. அர்ஜென்டைனாவுக்கும் சிலிக்கும் நடுவே மதில்போல நிற்கும் மலைத்தொடர். உச்சி 22,000 அடிக்கு மேல். மெர்மோசின் விமானமோ அதில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் ஏறுவதற்கே திணறும். எனவே மலைகளுக்கு இடையே சந்து தேடிப் போக வேண்டும்.

1929 மார்ச் மாதம், சிலி நாட்டில் உள்ள கோபியாப்போவில் இருந்து கிளம்பினார். உடன் வந்தவர் கொலெனோ என்ற மெக்கானிக். மலைக்கு நடுவே கீழ்நோக்கி இழுக்கும் காற்றில் விமானம் சிக்கியது. அதைத் தூக்கி ஒரு பாறைத் திட்டின்மேல் எறிந்தது காற்று. சுமார் 13,000 அடி உயரம். சக்கரத் தாங்கியும் வாலும் சேதம். சுற்றிலும் கிடுகிடு பள்ளம். உதவிக்கு ஆள் கிடையாது. போதிய உணவு இல்லை. உறைபனிக் குளிர்.

இருவரும் நடந்து பார்த்தார்கள். பயன் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். பிறகு பழுது பார்ப்பதற்கு உட்கார்ந்தார்கள்.

கொலெனோ கைதேர்ந்த மெக்கானிக். அவருக்குக் கையாளாக மெர்மோஸ் வேலை செய்தார். குளிரில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. கிடைத்த துணியையும் பசையையும் வைத்து அடைத்தார்கள். விமானத்தில் தேவை இல்லாதது என்று பட்டதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். மூச்சு வாங்க, விமானத்தை மேட்டுக்குத் தள்ளினார்கள்.

என்ஜின் உயிர் பெற்றது. சரிவில் உருண்ட விமானம், விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் பாய்ந்தது. கீழே விழுகிற வேகத்திலேயே பறக்கும் வேகம் கிடைத்தது. ஒழுகும் என்ஜினோடு இருவரும் கோபியாப்போ வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சொன்ன கதையை முதலில் யாரும் நம்பவில்லை.

கடலுக்கு மேலே

மீதி இருந்தது அட்லாண்டிக் சமுத்திரம். ஆப்பிரிக்காவில் இருந்து பிரேசிலுக்குத் தபால் கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தது. 1930 மே 12-ந் தேதி செனகால் கரையில் இருந்து மெர்மோஸ் கிளம்பினார். உடன் சென்றவர்கள் டாப்ரி, ஜிமியே என்ற இருவர். சுமார் 21 மணி நேரத்தில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, பிரேசிலில் உள்ள நாட்டால் போய்ச் சேர்ந்தார்கள். தென் அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் தபால் விமானம் அது.

திரும்பி வரும்போது எண்ணெய் ஒழுகி விமானம் கடலில் இறங்கியது. கப்பல் ஒன்று ஆட்களையும் தபாலையும் காப்பாற்றியது. விமானம் மூழ்கிவிட்டது.

அதன் பிறகும் மெர்மோஸ் ஓயவில்லை. சமுத்திரத்தை மீண்டும் மீண்டும் கடந்தார்.

1936 பிப்ரவரியில் கொலெனோ போன விமானம் அதே சமுத்திரத்தில் காணாமற்போயிற்று. மலை உச்சியில் உயிர் காத்த தோழரை மெர்மோஸ் இழந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. விடியுமுன்பே டாக்காரில் இருந்து 'தென் சிலுவை' என்ற நான்கு என்ஜின் கடல் விமானத்தில் கிளம்பினார். மெர்மோசையும் சேர்த்து ஐந்து பேர். வழியில், வலது பக்கத்துப் பின் என்ஜினின் விசிறி கோளாறு செய்தது. மெர்மோஸ் ஆபத்தை அறிந்து திரும்பி வந்தார். வேறு விமானம் கேட்டார். தயாராக எதுவும் இல்லை. மெக்கானிக்குகள் அவசரமாகப் பழுது பார்த்தார்கள். தபால் காத்துக்கொண்டிருந்தது. காலை 7 மணி வாக்கில் மறுபடியும் கிளம்பினார்.

10 மணி 47 நிமிடத்துக்கு ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. வலது பக்கத்துப் பின் என்ஜினை நிறுத்துகிறோம் என்பதே செய்தி. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

கடலில் தேடினார்கள். விமானமும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. மெர்மோசுக்கு 35 வயது நிறைவதற்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.