மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட சேகுவேரா

தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜெண்டினா நாட்டில், 1928-ம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எர்னெஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் "சேகுவேரா" என்று உலகப் புகழ் பெற்ற புரட்சி வீரர், இந்தக் குழந்தைதான்.

2 வயதிலேயே குழந்தைக்கு ஆஸ்துமா வந்துவிட்டது. மகனுடைய உடல் நலத்துக்காகவே பெற்றோர், ஈரக் காற்று இல்லாத மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் போய்க் குடியேறினார்கள். பையன் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. ரக்பி என்னும் முரட்டு ஆட்டம் ஆடுவான். மூச்சு இரைத்தால் ஓரமாக வந்து மருந்தை உறிஞ்சுவான். மறுபடியும் ஓடுவான்.

வளர்ந்ததும் டாக்டருக்குப் படித்தார்.

"பலசாலி"

அவருடைய நண்பர் ஆல்பர்ட்டோ கிரனடோ. தொழுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அவரிடம் "நார்ட்டன்" மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 500 சி.சி. வண்டி. "பலசாலி" என்று அதற்குப் பெயர்! அதிலேயே தென் அமெரிக்காவைச் சுற்றி வருவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

1952 ஜனவரி 4-ந்தேதி, தலைநகர் போனஸ் அயர்சில் இருந்து வண்டி கிளம்பியது. அப்பொழுது சேகுவேராவுக்கு வயது 23. டாக்டர் படிப்பு இன்னும் முடியவில்லை.

பெயர்தான் பலசாலி. பின்னால் மலைபோல மூட்டை. மணலில் வண்டி சறுக்கியது. எதிர்க்காற்றில் சாய்ந்தது. ஒரே நாளில் 9 தடவை விழுந்தார்கள். உடைந்த பாகங்களைக் கம்பியால் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

ஆண்டிஸ் மலை அடிவாரத்தை அடைந்ததும் காட்சி மாறியது. கண்ணாடி போன்ற ஏரிகள். பனி மூடிய சிகரங்கள். அங்கேயே தங்கிவிடலாமா என்றுகூட நண்பர்களுக்குத் தோன்றியது. அங்கேதான் சேகுவேராவுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. காதலி எழுதியது. இனிக் காத்திருக்க மாட்டாள் என்று தெரிந்தது.

ஏரிகளைக் கடந்து சிலி நாட்டுக்குள் போனார்கள். படகுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. படகில் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். அதுவே கட்டணம்!

மழை நாடு

தென் சிலி, மழைக்குப் பேர்போன பகுதி. எங்கும் காடு, பச்சைப் பசேல் என்ற புல்வெளி. அங்கே ஒரு பத்திரிகை, "தொழுநோய் நிபுணர்கள் இருவர் வந்திருக்கிறார்கள்" என்று செய்தி போட்டுவிட்டது. பரீட்சை எழுதாத மாணவரும் நிபுணர் ஆகிவிட்டார்! அதன் பிறகு சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கஷ்டம் குறைந்தது.

பலசாலியின் கஷ்டம்தான் தீரவில்லை. ஓர் இறக்கத்தில் பிரேக் உடைந்தது. எதிரே மாட்டுக் கூட்டம்! சாலை ஓரத்து மேட்டில் ஏற்றி வண்டியை நிறுத்தினார்கள். உயிர் தப்பியது அதிசயம். சில நாளில் வண்டி மேடு ஏற மறுத்துவிட்டது. லாரியில் ஏற்றி சாண்டியாகோ நகருக்குக் கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டார்கள்.

வண்டி போனதே நல்லதாயிற்று என்று சொல்லவேண்டும். அதுவரை அவர்கள் ஊர் சுற்றிகள். கால்நடையாகவும், லாரியில் தொற்றிக்கொண்டும் போனபோதுதான் ஏழைகளின் அருகில் உட்கார நேர்ந்தது.

மூச்சுத் திணறும் மூதாட்டி

வால்பரைசோ துறைமுகத்தில் ஒரு மூதாட்டியைப் பார்க்க சேகுவேராவை அழைத்தார்கள். ஊழியம் செய்து பிழைத்தவள். ஆஸ்துமாவோடு இருதய நோயும் சேர்ந்துகொண்டது. வேலைக்குப் போக முடியவில்லை. உழைக்க முடியாத அவள், வீட்டாருக்குப் பாரமாகிவிட்டாள்.

மூச்சுத் திணறல் எப்படி இருக்கும் என்று சேகுவேராவுக்குத் தெரியும். அவருக்காக ஒரு குடும்பமே ஊர் மாறியது. இவளுக்கு யார் இருக்கிறார்கள்? கையில் இருந்த சில மாத்திரைகளைக் கொடுத்தார். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

வடக்கே, தாமிரச் சுரங்கம் போகும் வழியில், வேலை தேடி அலைந்த தொழிலாளி ஒருவரையும் அவருடைய மனைவியையும் சந்தித்தார். கணவர் கம்யூனிஸ்டு என்பதற்காகச் சிறையில் இருந்தவர். பாலைவனக் குளிரில் அவர்களுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கூட இல்லை. நண்பர்கள் தங்கள் கம்பளிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே படுத்தார்கள்.

பெரு நாட்டில், அமேசான் நதிக்கரையில் இருந்த தொழுநோயாளர் குடியிருப்பில் சில நாள் பணி செய்தார்கள். நோயாளிகளுடன் கால்பந்து ஆடினார்கள்.

வெனிசூலாவில் நண்பர்கள் பிரிந்தார்கள். கிரனடோ அங்கேயே வேலையில் சேர்ந்தார். சேகுவேரா ஊர் திரும்பி, 1953-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஆஸ்பத்திரி வைத்து உட்காரவில்லை. அதே ஆண்டில் மறுபடியும் புறப்பட்டுவிட்டார். 1956-ல் பிடல் காஸ்ட்ரோவின் படையில், டாக்டராகவே கியூபாவில் இறங்கினார். 1967 அக்டோபர் 9-ந்தேதி பொலிவியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.

கிரனடோ 1961-ல் கியூபாவுக்கே குடிபோனார். 2011-ல், 88-வது வயதில் அங்கே காலமானார்.