அறிஞர் சலீம் அலியும் மேகமலை வௌவாலும்

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால், கண்ணெட்டும் தொலைவெல்லாம் மலையே நிறைந்து தோன்றும். கான்சாகிபு என வழங்கப்பெற்ற யூசுப்கானின் பெயரால் அவ்வூர் அமைந்தது என்பர். ஊர்ப் பெயரில் ஒரு மனிதர் வாழ்வது தமிழகத்திற்குப் புதிதன்று. ஆயின் அம்மலைக்கு அப்பால், வருசநாட்டையும் கடந்து உயரும் மேகமலையில், ஓர் உயிரினத்தின் பெயரில் மற்றொரு மனிதர் வாழ்கின்றார் என்பதை நம் பகுதியினருள் அறிந்தோர் மிகச் சிலரே.

அவரே பறவையியல் அறிஞர் சலீம் அலி. வாழ்நாளெல்லாம் பறவைகளையே பின்தொடர்ந்த அப்பெருமகனாரின் பெயரைப் பாலூட்டி இனத்தைச் சார்ந்த வௌவால் ஒன்று தாங்கி நிற்கின்றது. பறவையா விலங்கா என்று சிறுவர்கள் இன்றும் வழக்காடும் உயிர்க்கு இப்பேறு வாய்த்தது ஒருவகையில் பொருத்தமே எனலாம். அப்பெயர் அதற்கு வந்த வரலாற்றை அறிய, அவர்தம் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து காணல் வேண்டும்.

1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில் மொய்சுதீன் – ஜீனத்துன்னிஸா இணையர்க்குப் பத்தாம் மகவாக அவர் பிறந்தார். ஓராண்டு நிரம்பிய நிலையில் தந்தையையும், மூன்றாம் வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருதீன் தையாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர். மக்கட்பேறு இல்லாத அவ்விருவரின் வீடு, பெற்றோரை இழந்த பல பிள்ளைகளுக்குப் புகலிடமாய் விளங்கியது. மாமா வேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். பத்து வயதளவில் சிறுவர் சலீமின் கைக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அதனால் வீழ்த்திய சிட்டுக்குருவிகள் பலவற்றுள் ஒன்றன் கழுத்தில் மட்டும் மஞ்சள் நிறத் தீற்றல் ஒன்று காணப்பட்டது. இது வழக்கமான சிட்டு அன்று போலும், உண்ணத்தக்கதுதானா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. மாமாவிடம் கொண்டு சென்றார். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. 1883ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மதிப்புறு செயலாளர் மில்லார்டு என்பாரிடம் மருமகனை அனுப்பி வைத்தார்.

மில்லார்டு அச்சிறுவரை எள்ளி நகையாடவில்லை. மஞ்சள் கழுத்துச் சிட்டு என அதனை இனம் கண்டு கூறி, இழுப்பறைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஒரு சிறுவனின் கேள்வியைப் பொருட்படுத்திய அந்த ஒரு பிற்பகலை ஆசிரியத் தொழிலில் இருப்போர் எண்ணிப் பார்த்தல் தகும்.

அக்காலத்து அவர் எழுதிய குறிப்பு ஒன்றும் உண்டு. கூட்டின் முன் காவல் நின்ற ஆண் சிட்டை அவர் சுட்டார். பெண் சிட்டோ வேறோர் ஆணைத் துணையாக்கிக் கொண்டது. இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண் சிட்டுகள் வீழ்ந்தன. இச்செயல் இன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. மறைக்க வேண்டிய செய்தியும் அன்று இது. வேட்டைக்காரச் சிறுவரே பின்னர்க் காவலர் ஆனார் என்பதே அவர் வாழ்வின் உண்மை. அவர் எழுதிய தன்வரலாறு 1985இல் வெளிவந்தபோது அதன் தலைப்பிலேயே ஒரு சிட்டு வீழ்வதாக அவர் அமைத்ததும் இதுபற்றியே.

கல்லூரிக் கல்வி அவருக்கு நேரிய பாதையாய் அமையவில்லை. இளமையிலேயே வந்த தலைவலி நோயால் படிப்பு தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேறியபின் கல்லூரியை இடையில் விட்டு, குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவில் உள்ள தவாய்க்குச் சென்றார். சுரங்கத்தைவிடச் சுற்றியிருந்த காடே அவரை மிகுதியும் ஈர்த்தது. 1917இல் தாயகம் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் பயில்கையில், தூய சவேரியார் கல்லூரியின் பிளாட்டர் பாதிரியார் அவரை விலங்கியல் பக்கம் திருப்பினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பட்டம் பெறாதவர் என்பதால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்கவுரையாளர் பணி வாய்த்தது.

அந்நாட்களில் அவர் எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று நம் பொருளுக்கு மிகவும் உரியது. முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆர்வலர்களாகவும் வேட்டைக்காரர்களாகவும் கண்டு எழுதிய அக்கட்டுரை பம்பாய்க் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் பெஷாவர்ப் பக்கத்துப் புதர்க்காடுகளில் காண்டாமிருகம் உலவியதைப் பதிவு செய்துள்ளார். இன்றோ அவ்விலங்கைக் காண அசாமுக்கும் வங்கத்தின் வடபகுதிக்கும் நேபாளத்திற்கும் செல்ல வேண்டும். அக்பர் பழக்கி வேட்டைக்குப் பயன்படுத்திய சிவிங்கிப்புலி நம் நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அற்றுப்போய், 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. வரலாற்று நூல்களில் அரசர்களின் வெற்றி தோல்விகளை மட்டுமே தேடும் நமக்கு, அவற்றினுள் ஒரு காட்டின் கணக்கும் புதைந்திருப்பதைச் சலீம் அலி காட்டினார்.

1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பியபோது பணமில்லை என்று அவர் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர் பம்பாய்க்கு அருகில் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவியாரோடு தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. ஆண்குருவி பாதிக் கூட்டை முடைந்து காத்திருப்பதும், பெண்குருவி வந்து ஆராய்ந்து ஏற்பதும், அதன்பின் ஆண் அக்கூட்டை நிறைவாக்கிவிட்டு அடுத்த கூட்டிற்கு அடியிடுவதுமாகிய வாழ்வை நாள்தோறும் நோக்கி எழுதினார். நாம் அனைவரும் பனைமரத்தில் கண்டு கடந்து சென்ற கூடுதான் அது. வேலை போன காலமே அவருக்கு முதற் பெரும் புகழைத் தேடித் தந்தது.

அதன்பின் சமஸ்தானங்கள்தோறும் பறவைக் கணிப்பு மேற்கொண்டார். ஊதியம் வேண்டா, பயணச் செலவும் தங்கும் செலவும் ஏற்றால் போதும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. ஹைதராபாத்தை அடுத்து 1933இல் திருவிதாங்கூர், கொச்சி மலைகளில் முகாம்கள் அமைந்தன. நம் மலையின் மேற்குச் சரிவே திருவிதாங்கூர் மலை. எனவே அவர் நமக்கு அயலவர் அல்லர். தெஹ்மினா அம்மையார் அக்காட்டு வாழ்வில் உடனிருந்தார். 1939இல் சிறு அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்து அவர் மறைந்தார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. தமக்கை வீட்டில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலும், 1964 முதல் 1974 வரை டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகளும் வெளிவந்தன. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளும் வந்தன.

அவர் பறவைகளுக்காகப் பேசிய இடங்களிலெல்லாம் விலங்குகளும் நிழல் பெற்றன என்பது கருதத்தக்கது. கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியைப் பம்பாய்க் கழகம் அவர்தம் முயற்சியால் மேற்கொண்டது. 1967இல் அங்கே சரணாலயம் அமைந்தபோது, தமிழகத்தின் வெளிமான் கூட்டங்களுள் ஒன்றும் அதனால் காவல் பெற்றது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது, எண்பது அகவையைக் கடந்த நிலையிலும் அதனைக் கைவிடக் கோரியோருள் ஒருவராய் நின்றார். அக்காட்டின் பெயரை நாடறியச் செய்ததோ சோலைமந்தி எனப்பெறும் சிங்கவால் குரங்கு. 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மரத்திலிருந்து மரத்திற்குத் தாவியே வாழும் சோலைமந்திக்கு, நடுவே ஒரு நீர்த்தேக்கம் என்பது கடக்கவொண்ணாக் கடலே ஆகும்.

இனி வௌவாலுக்கு வருவோம். ஹைவேவிஸ் என்று மக்கள் இன்றும் வழங்கும் மேகமலையில், தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் 1948இல் ஒரு வௌவாலைப் பிடித்தார். பதப்படுத்தப்பெற்ற அவ்வுடல் பம்பாய்க் கழகத்தை அடைந்தது. ஊர்தோறும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. உலகம் போற்றிய இயற்கை அறிஞர் ஒருவரின் கழகத்திலேயே, உலகம் அறியாத ஓர் உயிர் தவறான பெயருடன் உறங்கியது. பின்னர்த் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தோங்லோங்யா அதன் பற்களையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என நிறுவினார். 1972இல் அகன்ற பல் என்று பொருள்படும் பேரினப் பெயரோடு சலீம் அலியின் பெயரைச் சேர்த்து வழங்கினார். அப்பேரினத்தில் இன்றளவும் இவ்வொன்றே உண்டு. மஞ்சள் கழுத்துச் சிட்டைக் கையில் ஏந்திய சிறுவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அத்தாய்லாந்து அறிஞரும் கேட்டார். அவரும் 1974இல் மறைந்தார். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளுள் ஒன்றாகிய வௌவால் அவ்வாண்டிலேயே அவர்தம் பெயரைப் பெற்றது.

அதே 1972இல் இயற்றப்பெற்ற காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் முதலியவற்றோடு தொல்லை உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. பெயர் சூட்டப்பெற்ற ஆண்டிலேயே கொல்லத்தக்கது என்னும் முத்திரையும் விழுந்தது. நெடுங்காலம் கழித்தே இவ்வினம் முதற் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பை நோக்கும் இனங்களுள் சேர்த்துள்ளது. மேகமலை, பெரியாறு, அகத்தியமலை எனத் தென்மேற்கு மலைத்தொடரின் சில இடங்களிலன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. பாறைக் குகைகளில் பகலில் தங்கி, இரவில் காட்டு அத்தி முதலிய பழங்களைத் தின்று, விதைகளைக் காடெங்கும் பரப்புவது. அது தங்கும் சோலைக்காடு தேயிலைக்கும் காபிக்கும் ஏலத்திற்கும் இடம் கொடுத்துக் குறைந்துவிட்டது. எஞ்சிய குகைகளில் மனிதர் புகுந்து தீ மூட்டினால், பெரும்பாலும் ஒரு பேற்றில் ஒரு குட்டியே ஈனும் கூட்டம் சிதறிவிடும்.

இறைச்சிக்காகவும் மருந்துக்காகவும் பிடிப்பது மற்றொரு கேடு. என் இளமையில் இழுப்பு நோய்க்கு வௌவால் கறி நல்லது என்று என் நன்னியார் நம்பினார். யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததையும் கண்டிருக்கின்றேன். நோய் குறைந்ததாக நினைவில்லை. அதற்கு மருத்துவச் சான்றும் இல்லை. நிப்பா நோய் 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் தோன்றியபின், வௌவால் என்றாலே அஞ்சி மரத்தையே வெட்டும் எண்ணமும் பரவியது. நிப்பாவோடு தொடர்புடையது சமவெளிப் புளியமரங்களிலும் ஆலமரங்களிலும் தொங்கும் பெரிய வௌவாலே. மலைக்குகையில் வாழும் இச்சிறு வௌவாலை அதனோடு சேர்த்துப் பழிப்பது, பழைய இழுப்பறைச் சீட்டின் பிழையை மீண்டும் எழுதுவதாகும்.

கான்சாபுரத்துத் தோப்புக்காரரிடம் இவற்றைச் சொன்னால், யானை இரவில் வந்து தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகின்றதே, அதற்கென்ன செய்வது என்று கேட்பார். அக்கேள்வி நியாயமானதே. காட்டுயிர்ப் பாதுகாப்பின் செலவை மலையடிவாரத்து உழவர் மட்டும் சுமப்பது முறையன்று. இழப்பீடு காலத்தில் வந்து சேர்ந்தாலன்றி யானையை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நகரத்தில் இருந்து எழுதும் உரிமை நமக்கு இல்லை.

சலீம் அலி 1985இல் மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பெற்றார். 1987 ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில், பம்பாயில் மறைந்தார். மறு ஆண்டே, மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் ஆற்றோரக் காட்டில் மட்டுமே வாழவல்ல சாம்பல் நிற மலை அணிலுக்கெனத் திருவில்லிபுத்தூர் மலையில் சரணாலயம் அமைந்தது. செண்பகத்தோப்புக்குச் செல்வோர் உயர்ந்த மரங்களில் அதன் கூட்டைக் காணலாம். 2021 பிப்ரவரியில் அச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து 1,016 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் புலிகள் காப்பகமாயின. கான்சாபுரத்தார் நாள்தோறும் காணும் மலையும், அந்தி மயங்கியதும் சலீம் அலியின் பெயர் தாங்கிய வௌவால் குகைவிட்டு வெளியேறும் மேகமலையும் இன்று ஒரே எல்லைக்குள் இருக்கின்றன.