கோவர்தன்ராம் திரிபாதி

கோவர்தன்ராம் மாதவ்ராம் திரிபாதி (அக்டோபர் 20, 1855 - ஜனவரி 4, 1907) குஜராத்தி மொழிப் புதின எழுத்தாளர் ஆவார். நான்கு பாகங்களாக வெளிவந்த சரஸ்வதிசந்திரா என்னும் புதினத்தால் பெரிதும் அறியப்படுகிறார். 1905 இல் அகமதாபாத்தில் கூடிய குஜராத்தி சாகித்திய பரிஷத்தின் முதல் மாநாட்டுக்கு இவரே தலைமை வகித்தார்.

வாழ்க்கை

குஜராத்தின் நடியாத் நகரில் நாகர் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1875 இல் பி. ஏ. பட்டம் பெற்றார். இளமையிலேயே மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டார்: சட்டம் பயில்வது, எவரிடமும் ஊழியம் செய்யாமல் பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் செய்வது, நாற்பதாம் வயதில் தொழிலை விட்டு எழுத்துப் பணியில் இறங்குவது. இரண்டாவது உறுதி விரைவிலேயே தவறியது. குடும்பத்தின் பணமுடை காரணமாக, பாவ்நகர் சமஸ்தானத் திவான் சாமள்தாசிடம் 1879 முதல் 1883 வரை செயலாளராகப் பணியாற்ற நேர்ந்தது. விரும்பாது ஏற்ற பணியாயினும், சமஸ்தானங்களின் உட்பூசல்களை இவர் அருகிருந்து கண்டது அங்கேதான். 1883 இல் சட்டப்பட்டம் பெற்றுப் பம்பாயில் தொழில் தொடங்கினார். நன்கு பொருள் ஈட்டிவந்த நிலையில், எண்ணியதற்குச் சில ஆண்டுகள் பிந்தி, 1898 இல் தொழிலைத் துறந்து நடியாத் திரும்பினார்.

சரஸ்வதிசந்திரா

இப்புதினத்தின் பாகங்கள் 1887, 1892, 1898, 1901 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. பம்பாய்ச் செல்வரின் மகனான சரஸ்வதிசந்திரன், குடும்பப் பிணக்கால் வீட்டைத் துறக்கிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த குமுதசுந்தரி, தகுதியற்ற வேறொருவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். வேற்றுப் பெயரில் அவளது புகுந்த வீட்டிலேயே அவன் தங்க நேர்வதும், பின்னர் அவள் கைம்பெண்ணான நிலையில் இருவரும் சுந்தரகிரி மலையில் சந்திப்பதும் கதையின் முக்கிய நிகழ்வுகள். கைம்பெண் மறுமணம் நாடெங்கும் விவாதிக்கப்பட்ட காலம் அது. எனினும் ஆசிரியர் இருவரையும் இணைக்கவில்லை. குமுதசுந்தரியே வற்புறுத்தித் தன் தங்கை குசுமசுந்தரியை அவனுக்கு மணமுடித்து வைக்கிறாள். இம்முடிவு இன்றைய வாசகருக்கு ஏமாற்றமளிக்கக்கூடும்.

முதல் பாகம் சமஸ்தான அரசியலையும், இரண்டாம் பாகம் கூட்டுக் குடும்பத்தையும் மையமாகக் கொண்டவை. குடும்பச் சுமை முழுவதையும் பொறுமையுடன் தாங்கும் குணசுந்தரியின் சித்திரம் இரண்டாம் பாகத்தின் சிறப்பு. மூன்றாம் பாகம் இலட்சிய அரசாட்சியைப் பேசுகிறது. நான்காம் பாகத்தில் கனவுகளும் தத்துவ உரையாடல்களும் மிகுந்து கதை பின்னுக்குச் சென்றுவிடுகிறது. முதலிரு பாகங்களின் விறுவிறுப்பை இதில் எதிர்பார்க்க இயலாது.

இக்கதை கோவிந்த் சரையா இயக்கத்தில், நூதன் நடிக்க, 1968 இல் இந்தித் திரைப்படமாக வந்தது.

பிற படைப்புகள்

சினேகமுத்ரா (1889) என்னும் கவிதை நூலையும், நவல்ராம், தயாராம் ஆகியோரைப் பற்றிய நூல்களையும் எழுதியுள்ளார். மகள் லீலாவதி 1902 இல் இளம் வயதிலேயே இறந்தார். அவரது வாழ்க்கையை லீலாவதி ஜீவன்கலா (1905) என்னும் நூலாகத் தந்தையே எழுதினார். பொறுமையையும் தியாகத்தையும் பெண்ணின் உயர்பண்புகளாகப் புதினத்தில் போற்றியவர், தம் மகளின் குறுகிய வாழ்வை எவ்வாறு நோக்கினார் என்பதை அறிய, இதனைக் குணசுந்தரியின் கதையோடு சேர்த்துப் படிப்பது பயன் தரும்.

ஆங்கிலத்தில் இவர் எழுதி வந்த நாட்குறிப்புகள், இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1950களின் இறுதியில் அச்சேறின. வருவாயை விட்டு விலகலாமா, குடும்பக் கடமைகள் அதற்கு இடம் தருமா என்று தமக்குள் இவர் நடத்திய நீண்ட வாதங்களை அவற்றில் காணலாம்.