நெல்லின் மறைகுணம் ஆராய்ந்த இராமையா

மட்டக்களப்பு வாவிக்கும் கீழ்க்கடலுக்கும் இடைப்பட்ட எமது ஆரையம்பதியினின்று வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்களையே காண்பர். விதைநெல் தெரிந்து காக்கும் அறிவு எம் முன்னோர்க்குக் கைவந்த ஒன்றாகும். ஆயினும், சிவப்பரிசி நெல்லின் வழிவந்த பயிரிலே வெள்ளையரிசி தோன்றுவது ஏன்? நெட்டைப் பயிரின் வித்திலே குட்டைப் பயிர் முளைப்பது ஏன்? இத்தகைய வினாக்களுக்கு விடைகாணும் பணியிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் கிருஷ்ணசாமி இராமையா ஆவார். அவர் வரலாற்றை எமது மாணவர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இராமையா 1892இல் தமிழகத்திற் பிறந்தவர். விவசாயக் கல்வி பயின்றபின், கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பெற்ற நெல்லாராய்ச்சி நிலையத்திலே, பார்ணல் என்னும் ஆங்கிலேய அறிஞரின்கீழ்ப் பணிபுரிந்தார். அக்காலத்திலே பிறப்புரிமையியல் இளங்குழவியாகவே இருந்தது. ஒஸ்திரிய நாட்டுத் துறவியாகிய மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, தாம் கண்ட விதிகளை 1866இல் வெளியிட்டார். அவர் 1884இல் மறைந்தபோதும் அவற்றின் அருமையை உலகம் உணரவில்லை. 1900ஆம் ஆண்டிலேயே அவ்விதிகள் மீண்டும் ஒளிபெற்றன. உருண்டை வித்தையும் சுருங்கிய வித்தையும் கலந்தபோது முதற்றலைமுறையில் உருண்டையே தோன்றியது. மறுதலைமுறையில் 5474 உருண்டையும் 1850 சுருங்கியதுமாகத் தோன்றின. முன்னின்ற குணத்தை ஆட்சியுடையது என்றும், மறைந்து நின்று பின் வெளிப்பட்ட குணத்தைப் பின்னிடைவானது என்றும் கூறுவர்.

பட்டாணிக்கு உரிய விதி நெல்லுக்கும் உரியதோ என்று காண்டல் எளிதன்று. நெற்பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தாலே தானே கருவுறுவது. காலையில் விரிந்து சிறிது நேரத்திலே மூடிக்கொள்வது. ஆதலின், பூ விரியுமுன்னரே உமியைத் திறந்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் நீக்கி, வேறோர் இனத்தின் மகரந்தத்தைத் தூவி, கதிரை உறையிட்டுக் காத்தல் வேண்டும். இங்ஙனம் விளைந்த வித்துக்களை விதைத்து, பயிரைத் தனித்தனியே எண்ணிக் கணக்கெழுதுதல் வேண்டும். பார்ணலும் அரங்கசாமி ஐயங்காரும் இராமையாவும் இப்பணியைச் செய்து, நெல்லின் நிறம் முதலிய குணங்கள் வழிவழிச் செல்லும் முறையை 1917இல் வெளியிட்டனர். சிவப்பரிசி நெல்லையும் வெள்ளையரிசி நெல்லையும் கலந்தால் முதற்கலப்புப் பயிர் சிவப்பரிசியையே தரும். அதன் வழிவரும் பயிர்கள் நான்கில் ஏறக்குறைய மூன்று சிவப்பும் ஒன்று வெள்ளையுமாகும். வெள்ளை அழிந்துபோகவில்லை, மறைந்தே இருந்தது.

ஒரே குணத்தை ஆய்வாளர் ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்தாற் குறித்தமையால் நேர்ந்த குழப்பத்தைக் கண்ட இராமையா, கதம் என்பாருடன் கூடி நெல்லின் பரம்பரையலகுகளுக்குப் பொதுக் குறியீடுகளை 1943இல் வகுத்தார். நெடுங்கணக்கின்றி மொழி வளராதவாறு போல, பொதுக் குறியீடின்றி எக்கலையும் வளராது என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் நன்கறிவோம்.

அவ்வாண்டிலேயே வங்காளத்திற் கொடும் பஞ்சம் நேர்ந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1946இல் கட்டாக்கில் மத்திய நெல்லாராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் இராமையாவே. எம் நாட்டு நெல்லினங்கள் நெட்டையானவை. உரமிட்டால் மிக வளர்ந்து சாய்ந்துவிடும். யப்பானிய இனங்களோ உரத்தைத் தாங்கி நிற்பன. இவ்விரண்டையும் கலக்கும் திட்டத்தை இராமையா முன்வைத்தார். உலக உணவு விவசாய தாபனத்தின் ஆதரவில் 1950களில் அது நடைபெற்றது. கலப்பின் வழிவந்த பயிர்கள் பல பதராயின. ஆயினும் தஞ்சை வயல்களிற் புகழ்பெற்ற ஆடுதுறை 27உம், மலாயாவின் மசூரியும் அம்முயற்சியின் பேறுகளேயாம்.

சாயாத நெல்லைத் தேடியோர்க்கு இறுதியிற் பெருந்துணை புரிந்ததும் ஒரு பின்னிடைவுக் குணமே. பிலிப்பைன்ஸ் தீவிலே 1962இல் பெத்தா என்னும் நெட்டை நெல்லுடன் தைவானியக் குட்டை நெல் கலக்கப்பட்டது. முதற்றலைமுறை முற்றும் நெட்டையாயிற்று. மறுதலைமுறையில் நான்கிலொன்று குட்டையாயிற்று. அதன் வழி வந்ததே 1966இல் வெளியான ஐ.ஆர். 8 என்னும் நெல். இதனை ஆக்கியோர் வேறு அறிஞராயினும், கோயம்புத்தூர் வயலில் எண்ணப்பட்ட அதே மூன்றுக்கொன்று என்னும் கணக்கே இங்கும் ஆசியாவின் பசிதீர்க்க உதவியது.

இராமையாவுக்கு இந்திய அரசு 1957இல் பத்மஸ்ரீ விருதும் 1970இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. 1968 முதல் 1974 வரை இராச்சிய சபையில் நியமன உறுப்பினராயிருந்த அவர், 1988இல் மறைந்தார்.

இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் வெளிவந்து உழவரின் நன்மதிப்பைப் பெற்ற எச் 4 என்னும் சிவப்பரிசி நெல்லுக்கு, முருங்கக்காயன் என்னும் எம் நாட்டுப் பழைய இனம் ஒரு பெற்றோராயிற்று. அவ்வினத்தின் வித்தை எவரும் பேணாதிருந்திருப்பின் எச் 4 பிறந்திராது. பழைய நெல்லினங்கள் எம் வயல்களினின்று ஒவ்வொன்றாய் அருகி வருகின்றன. அவற்றுள் மறைந்து கிடக்கும் குணங்கள் நாளைய வறட்சிக்கும் நோய்க்கும் மருந்தாகலாம். மறைந்த குணம் மீளும். வித்தே அழிந்தால் மீளாது. எமது மாணவர் வயலுக்குச் செல்லுங்கால் இதனை மனத்திற்கொண்டு, தம் பாட்டனார் விதைத்த நெல்லின் பெயரையேனும் கேட்டறிந்து எழுதிவைப்பாராக.