உலைக்களத்தில் பயின்ற இலத்தீன்

மருத்துவம் பயில விழையும் மாணவர் முதற்கண் எதிர்கொள்வது முன்தகுதி என்னும் வாயிற்படியே ஆகும். அயல்நாடு சென்று மருத்துவம் கற்று, மீண்டு வந்து நம் நாட்டில் தொழில் செய்ய விரும்புவோர் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களை மேல்நிலைப் பள்ளியிற் பயின்றிருப்பதோடு, நீட் தேர்விலும் தகுதி பெறல் வேண்டும் என்பதை இன்று நாம் அறிவோம். இப்படியைக் கண்டு மலைத்து நிற்போர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது டாக்டர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் அவர்களின் வரலாறாகும்.

1813ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஓர் அடிமைத் தாயின் மகனாக அவர் பிறந்தார். 1827ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் அம்மாநிலத்தில் அடிமைமுறை ஒழிந்தபோது, 14 வயதுச் சிறுவராக விடுதலை பெற்றார். கறுப்பினச் சிறார்க்கென நடத்தப்பெற்ற ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார்.

ஆயின், அக்காலத்தில் இலத்தீனும் கிரேக்கமும் அறியாதார்க்குப் பல்கலைக்கழகக் கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது. பள்ளியை விட்டு நீங்கிய ஸ்மித் கொல்லன் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். ஒரு கை துருத்தியை இயக்க, மறு கையில் இலத்தீன் இலக்கண நூலை ஏந்திப் பயின்றார். பீட்டர் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சமயகுரு அவருக்கு அம்மொழிகளைக் கற்பித்து உதவினார்.

தகுதி நிரம்பியது, எனினும் கதவு திறக்கவில்லை. கொலம்பியாக் கல்லூரியும் ஜெனீவா மருத்துவக் கல்லூரியும் அவரை ஏற்க மறுத்தன. குறை அவருடைய கல்வியில் இல்லை. தோலின் நிறமே தடையாயிற்று. படித்து நிறைவு செய்யத்தக்க தகுதி ஒன்று. எவ்வளவு படித்தாலும் நிறைவு செய்ய இயலாதவாறு பிறர் வகுத்த தடை மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் வேறு பிரித்து உணர்தல் வேண்டும்.

அன்பர்கள் பொருளுதவி செய்ய, 1832ஆம் ஆண்டு அவர் கடல் கடந்து ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். பட்டறையில் பயின்ற இலத்தீன் அங்கே கைகொடுத்தது. 1835இல் இளங்கலை, 1836இல் முதுகலை, 1837இல் மருத்துவப் பட்டம் என ஐந்தே ஆண்டுகளில் மூன்று பட்டங்களைப் பெற்றார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே ஆவார்.

மதித்து ஏற்ற நாட்டிலேயே அவர் தங்கியிருக்கலாம். ஆயினும் மறுத்த நகருக்கே மீண்டார். நியூயார்க்கில் மருத்துவத் தொழிலைத் தொடங்கி, மருந்தகமும் நிறுவினார். கறுப்பின அனாதைச் சிறார் இல்லத்தின் மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றினார். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரிடையே பித்து மிகுதி என 1840ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு காட்டியபோது, கறுப்பினத்தவர் ஒருவரும் வாழாத ஊர்களிலும் கறுப்பினப் பித்தர் உள்ளதாக எழுதப்பட்டிருந்த பிழையை எடுத்துக்காட்டி, புள்ளிவிவரத்தைப் புள்ளிவிவரத்தாலேயே மறுத்தார். இத்தகையவரையும் அமெரிக்க மருத்துவச் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1863ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவர் பணியாற்றிய இல்லமும் எரியூட்டப்பட்டது, குழந்தைகள் உயிர்தப்பினர்.

1865 நவம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த மூன்று வாரங்களுக்குள், அமெரிக்கா முழுவதும் அடிமைமுறையை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. நியூயார்க் மருத்துவக் கழகம் 2018ஆம் ஆண்டு, காலங்கடந்தேனும், அவருக்கு உறுப்பினர் சிறப்பை வழங்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகமோ 2021இல் திறந்த கல்விக் கட்டடத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது.

கதவு எப்போது திறக்கும், எந்நாட்டில் திறக்கும் என்பது நம் கையில் இல்லை. திறக்கும் நாளில் நுழைவதற்குரிய தகுதியோடு நிற்பது மட்டுமே நம் கையில் உள்ளது. இலத்தீனைக் கல்லாதிருந்தால், கிளாஸ்கோவின் கதவு திறந்திருந்தும் ஸ்மித்துக்குப் பயன் விளைந்திராது. முன்தகுதிப் பாடங்களைச் சுமையெனக் கருதும் மாணவச் செல்வங்கள் அத்துருத்தியையும் அந்நூலையும் நெஞ்சில் இருத்துவார்களாக!