அருவியைக் கணக்கிட்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர

விஞ்ஞான கூடத்தில் அம்பியர்மானியையும் வோல்ற்றுமானியையும் ஒருமுறையேனும் கையாண்டவர் எவரும் ஓமின் விதியை முற்றாக மறந்திருக்க மாட்டார். ஜோர்ஜ் சைமன் ஓம் என்னும் ஜேர்மானிய ஆசிரியர் 1827இல் நூலாக்கிய விதி அது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும் என்பதையும் அதனோடு சேர்த்தே கற்றோம். 230 வோல்ற்றில் 4.35 அம்பியர் ஓட்டத்தைப் பெறும் மின்னழுத்தியின் தடை ஏறக்குறைய 53 ஓம். அதன் வலு 1,000 உவாற்று. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆயின், இத்தகைய கணக்கையே துணையாகக் கொண்டு, மலைநாட்டு அருவியால் கொழும்பு நகருக்கு விளக்கேற்றலாம் என்று வாதாடி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரைப் பற்றி நம் மாணவர் அறிந்தது மிகச் சொற்பமே.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் காலியிலே பிறந்தார். கைவினைத் தொழிலிற் பெயர்பெற்ற குடும்பம் அவருடையது. கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் தொழினுட்பக் கல்லூரியிலும் பயின்று, பகிரங்க வேலைப் பகுதியில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் கற்றுத் தேர்ந்தார். உயர்ந்த பதவிகள் ஆங்கிலேயர்க்கே உரியனவாயிருந்த காலத்தில் அத்துறையில் ஓர் இலங்கையர் தலைநிமிர்ந்து நிற்பது எளிதன்று.

கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் பக்கம் பொன் கிடைக்குமா என ஆராயச் சென்ற வேளையிலேதான் அவர் அருவிகளின் வலுவைக் கண்டுகொண்டார் என்பர். பொன் கிடைத்ததோ இல்லையோ, அங்கே கொட்டிக்கொண்டிருந்த செல்வம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. செக்கனுக்கு ஒரு கன மீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், அதனுள் 980 கிலோவாற்று வலு அடங்கியிருக்கிறது. நுவரெலியாவை அடுத்த பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து, இது வெறுங் கற்பனையன்று என்பதையும் அவர் காட்டினார்.

1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் தம் ஆய்வுரையைப் படைத்தார். இந்நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரமே அதன் பொருள். மலையிலே பிறக்கும் மின்சாரம் நெடுந்தூரம் கடந்து நகரை அடையுமுன் கம்பியிலேயே கரைந்துவிடாதா என்னும் ஐயம் எவர்க்கும் எழக்கூடியதே.

அதற்கு விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கம்பியின் தடை 10 ஓம் என்றும், அனுப்ப வேண்டிய வலு 1,000 கிலோவாற்று என்றும் கொள்வோம். (மூன்றவத்தை மின்னோட்டத்தின் நுட்பங்களை இங்கே விட்டுவிடுகிறோம், பௌதிக ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) 11,000 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 91 அம்பியர். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, வழியில் வெப்பமாய்க் கழிவது ஏறத்தாழ 83 கிலோவாற்று. அழுத்தத்தை 66,000 வோல்ற்றாக உயர்த்தினால் ஓட்டம் 15 அம்பியராகக் குறையும், கழிவோ 2.3 கிலோவாற்றுத்தான். அழுத்தம் ஆறு மடங்கு ஏற, இழப்பு முப்பத்தாறில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றிலேயே அனுப்ப முயன்றால், அதே கம்பியின் மறுமுனையில் 1,300 உவாற்றுக்குச் சற்று மேல் எவ்வகையாலும் பெற இயலாது. ஒரு மின்னழுத்திக்கு மட்டுமே அது போதும்! அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் நிலைமாற்றி இருக்கும்போது தூரத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

கணக்குச் சரியாயிருந்தும் காரியம் நடக்கவில்லை. கொழும்பிலோ கப்பலில் வந்திறங்கும் எரிபொருளை எரித்தே மின்சாரம் பெறப்பட்டது. 1920களில் லக்ஷபானத் திட்டத்தின் வேலைகள் தொடங்கியும் பணமில்லை என்று இடையிலே கைவிடப்பட்டன. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய விமலசுரேந்திர ஓய்ந்திருக்கவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் நீர்மின்சாரத்துக்காகவே குரல் கொடுத்தார். அலுவலகத்தில் எடுபடாத கணக்கைச் சபைக்குக் கொண்டுசென்ற அவ்விடாப்பிடியை அவருடைய கல்வியிலும் மேலாக நாம் மதிக்கிறோம். பின்னர் இரண்டாம் உலகப் போரும் குறுக்கிட்டது.

1950இல் லக்ஷபானவின் முதற்கட்டம் 25,000 கிலோவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது. அப்பத்தாண்டிலேயே நம் பகுதிக்கு நீர்வளம் தரும் பட்டிப்பளை ஆற்றை மறித்த இங்கினியாகலை அணையின் அடியிலும் சுழலிகள் சுழலலாயின. கல்முனையிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் வயலுக்குப் பாயும் நீர், வரும் வழியில் மின்சாரமும் பிறப்பித்துவிட்டு வரலாயிற்று.

1953ஆம் ஆண்டு ஓகஸ்ற் 10ஆம் நாள் விமலசுரேந்திர காலமானார். நோட்டன் பிரிட்ஜில் 1965இல் இயங்கத் தொடங்கிய 50,000 கிலோவாற்று நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. காசல்றீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கெசல்கமு ஓயாவின் நீர் அந்நிலையத்தின் சுழலிகளை முதலிற் சுழற்றி, நோட்டன் குளத்திலே தங்கி, பின்னரே பழைய லக்ஷபான நிலையத்துக்கு இறங்குகிறது.